காவ் லாக்: அமைதியான கடற்கரையும் நாங்கூர்க்காரர் வெட்டிய குளமும்

வெளிநாட்டில் கூட்டம் இல்லாத கடற்கரையாக, ரெண்டு பேர் மட்டும் நாலு நாள் இருந்துவிட்டு வருகிற மாதிரி ஒரு இடம் வேண்டும் என்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது மாலத்தீவு, பாலி, புக்கெட். என்னைக் கேட்டால், புக்கெட்டில் இறங்குங்கள், ஆனால் அங்கே தங்காதீர்கள் என்பேன். விமான நிலையத்திலிருந்து வடக்கே சாரசின் பாலத்தைத் தாண்டி, ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் காவ் லாக் வரும். தாய்லாந்தின் பாங்கா மாநிலம், அந்தமான் கடற்கரை. ஒரு பக்கம் மலைக்காடு, மறுபக்கம் நீளமான மணல். புக்கெட்டின் இரைச்சல் இங்கே கிடையாது.

ஒரு கடற்கரை ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் பெரும்பாலும் வரலாற்றில்தான் இருக்கும். காவ் லாக் விஷயத்தில் அந்த வரலாற்றில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

காவ் லாக்குக்கு வடக்கே இருக்கிற ஊர் தகுவா பா. இங்கே கிடைத்த ஒரு சிறிய, சிதைந்த தமிழ்க் கல்வெட்டு 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹுல்ட்ஷ் முதலில் படித்தார், பிறகு நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார். மிச்சமிருக்கும் வரிகளின் சாரம் இதுதான்: நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் ஒரு குளம் வெட்டினார். அதன் பெயர் அவனி நாரணம். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டது.

அவனி நாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நாங்கூர் என்பது சீர்காழிக்குப் பக்கத்தில், பூம்புகாரிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். மணிக்கிராமம் வணிகர் குழு. சேனாமுகம் என்பதைப் படைவீரர்கள் தங்கிய பகுதி என்று கொள்கிறார்கள்.

கடல் கடந்து போன மனிதர் கோயில் கட்டியதாக இல்லை, குளம் வெட்டியதாக ஏன் கல்லில் எழுதினார்? காற்றைப் பார்த்தால் புரியும். பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வங்காள விரிகுடாவைக் கிழக்கே தாண்டின. திரும்பி வர வடகிழக்குக் காற்று வேண்டும். நடுவில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும், இன்றைக்கும் மே முதல் அக்டோபர் வரை இங்கே ஆஃப் சீசன். அதாவது இன்றைய ஆஃப் சீசன்தான் அவர்கள் வந்து சேர்ந்த சீசன். நாம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலுக்கும் அமைதியான கடலுக்கும் போகிறோமே, அந்த மாதங்களில்தான் அவர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பியிருப்பார்கள்.

அப்படிக் காத்திருக்க மூன்று விஷயம் தேவை: அலையிலிருந்து மறைவு, நல்ல தண்ணீர், நம்பிக்கையான ஆட்கள். மறைவுக்கு கோ கோ காவ் என்ற தீவு இருந்தது, தகுவா பா ஆற்றின் முகத்துவாரத்தை அது மறைத்துக்கொண்டு நிற்கிறது. தீவின் துங் தூக் என்ற இடத்தில் செங்கல் அடித்தளங்கள், சீனத் தாங் காலப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, மணிகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. தண்ணீருக்குக் குளம். ஆட்களுக்கு மணிக்கிராமமும் சேனாமுகமும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், குளம் வெட்டுவது ப்ராஜெக்ட், அதைக் காப்பாற்றுவது மெயின்டனன்ஸ். வெட்டியவர் அடுத்த காற்றில் கிளம்பிவிடலாம், இன்னொரு கப்பலில் வருகிறவனுக்கும் தாகம் எடுக்கும் இல்லையா? அதனால்தான் பொறுப்பை ஒரு தனி ஆளிடம் விடாமல் குழுக்களிடம் விட்டிருக்கிறார்கள்.

பிற்பாடு வணிகம் வேறு துறைமுகங்களுக்கு நகர்ந்தது. நவீன காலத்தில் ஈயம் (வெள்ளீயம்) தோண்டச் சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள், அந்தத் தொழிலும் ஓய்ந்தது. பிறகு டூரிசம் வந்தது. பிறகு 2004 டிசம்பர் 26.

தாய்லாந்தில் சுனாமியில் இறந்தவர்கள் சுமார் 5,400 பேர், அதில் பெரும்பகுதி இந்தப் பாங்கா மாநிலத்தில். கடலில் காவலுக்கு நின்றிருந்த 813 என்ற போலீஸ் படகை அலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தூக்கி எறிந்தது. அது இன்றும் காவ் லாக்கில் விழுந்த இடத்திலேயே நினைவுச்சின்னமாக நிற்கிறது. கோ கோ காவ் தீவுக்குப் படகு ஏறுகிற மீனவ ஊர் பான் நாம் கெம், அதாவது உப்புத்தண்ணீர் ஊர். அந்த ஊர் அன்று ஏறக்குறைய அழிந்தே போனது. அங்கேயும் ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது.

அதே அலை அதே நாள் காலையில் விரிகுடாவின் இந்தப் பக்கமும் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நாங்கூர் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளம் இணைத்த ரெண்டு கரைகளை 2004-ல் ஒரே துக்கம் இணைத்தது. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் படகும் அந்தப் பூங்காவும் வெறும் டூரிஸ்ட் ஸ்பாட்டாகத் தெரியாது.

துக்கம் நடந்த இடத்துக்கு ஜாலியாகப் போகலாமா என்று சிலருக்குத் தோன்றும். போகலாம், போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஊர் பிழைப்பதே வருகிறவர்களால்தான். போய் நாலு நாள் சும்மா இருங்கள். ஒரு காலை மட்டும் படகையும் பான் நாம் கெம் பூங்காவையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து தீவுக்குப் படகேறுங்கள், சில நிமிஷப் பயணம்தான். திரும்பும்போது புக்கெட்டில் தாலாங் அருங்காட்சியகத்தில் நேரம் ஒதுக்குங்கள், தகுவா பாவில் கண்டெடுத்த பல்லவச் சாயல் கொண்ட திருமால் சிலை அங்கே இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் நகோன் சி தம்மராத் வரை போக வேண்டும்.

ரிசார்ட்டில் சுனாமி வந்தால் ஓட வேண்டிய வழியைக் காட்டும் போர்டு இருக்கும். வந்து இறங்கிய முதல் நாளே ரெண்டு பேரும் அந்த வழியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். அதற்கப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம்.