அரைக் கல்: முத்துப்பார்களில் பங்கீடும் ஒத்துழைப்பும்

பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு மாட்டைக் கூடுதலாக விட்டால் நிலம் மொட்டையாகும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். விளையாட்டுக் கோட்பாட்டில் 'கைதிகளின் இக்கட்டு' என்பதும் ஏறத்தாழ இதே கணக்குதான். கடலெல்லை மீன்பிடிப் பூசல் முதல் பருவநிலை மாநாடு வரை இன்று இதை வைத்தே அளக்கிறோம். ஆனால் ஹார்டினின் நிலத்தில் மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதேயில்லை. யாருடைய மாடு எத்தனை என்று எண்ணவும் ஆளில்லை. 1994இல் அவரே 'நிர்வகிக்கப்படாத' என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் பழைய வாதத்தில் மிஞ்சுவது கொஞ்சமே.

என் மறுப்பு அதோடு நிற்கவில்லை. முத்துச் சிப்பி வளரும் கடலடித் திட்டான முத்துப்பாருக்கு மேய்ச்சல் நிலம் என்ற உவமையே பொருந்தாது. மூன்று நான்கு வயதாகாத சிப்பியில் விலைபோகும் முத்து அரிது. வயது கடந்தால் சிப்பியே செத்துவிடும். ஆகவே எப்போது முத்துக்குளிப்பது என்பதில் எல்லோருக்கும் நலன் ஒன்றே. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழகக் கரையில் போர்ச்சுகீசியரின் தளமாயிருந்த புன்னைக்காயலை 1553இல் தெலுங்கு பேசும் வடுகர் படையும் மலபார்க் கப்பல்களும் தாக்கிப் பிடித்ததைப் பங்குச் சண்டையாகவே வாசிக்கிறேன்.

டச்சுக்காரர் எழுதிவைத்த பங்குப் பட்டியல் ஒன்றில் மதுரை நாயக்கருக்கு இலவசமாக 96½ கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல். கல் என்பது குளியாளி பற்றி இறங்கும் எடை; இத்தனை கல் என்றால் அத்தனை கல்லுக்குரிய குளிப்பு உரிமை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர் மாறிமாறி மூழ்குவர். அப்படியானால் அரைக் கல் எது? ஒரு ஆளின் முறையா, விளைச்சலில் பாதியா? கடலில் அரைக் கல்லைப் போட முடியாது. அது கணக்கேட்டில் மட்டுமே இருக்க முடியும். தானமாகக் கொடுப்பவர் அரை கொடுக்கமாட்டார். பலமுறை பேரம் பேசி, விட்டுக்கொடுத்து, எஞ்சிய பின்னமே இது என்பேன். சான்று மெலிது என்று தெரிந்தும் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த எண் போர்ச்சுகீசியர் காலத்தில் நிலைத்ததா, டச்சுப் பேரத்தில் வந்ததா என்பதை எண் மட்டும் சொல்லாது.

என் வாதத்துக்குக் குறுக்கே விலங்கியலாளர் ஹெர்ட்மன் வருகிறார். 1902இல் ஹார்னெலோடு இலங்கைப் பார்களை ஆராய்ந்த அவர், பார்கள் வெறுமையாவதற்கு நகரும் மணல், நீரோட்டம், சிப்பி தின்னும் மீன் போன்ற இயற்கைக் காரணங்களையே முன்வைத்தார். 1906இல் அந்தப் பார்கள் ஒரே கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாயின. 1907க்குப் பின் நெடுநாள் குளிப்பில்லை. பொதுவைத் தனியாருக்குக் கொடு என்ற ஹார்டினின் மருந்துக்கு எதிராக இதை நீட்ட ஆசைதான். ஆனால் ஹெர்ட்மன் சொல்வது சரியென்றால் குற்றம் கம்பெனியுடையதும் அல்ல.

சிப்பிக் குஞ்சு சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்த பிறகே தரையில் ஒட்டும். இந்தியாவும் இலங்கையும் செய்த 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவில் போட்ட எல்லைக்கோட்டை அது அறியாது. அக்கோடு இடத்தைப் பிரித்தது, யார் எப்போது இறங்குவது என்ற முறையைப் பிரிக்கவில்லை. கல் கணக்குக்கு இன்று நெருங்கிய உறவு, வடக்கே பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு. தமிழகக் கரைக்குள் பேசி முடித்தது அது. விசைப்படகுகள் எல்லை தாண்டி வரும் அந்த மூன்று இரவுகளில் வட இலங்கை மீனவர் வலையைக் கரையிலேயே வைத்திருந்ததுண்டு.