கைக்காப்பு (வன்னி)

கைக்காப்பு என்பது மணிக்கட்டில் அணியப்படும் வளைய வடிவ அணி. நூல், மஞ்சள், வசம்பு, சங்கு, பனையோலை, வெள்ளி, செம்பு, பித்தளை, ஐம்பொன், பொன் எனப் பல பொருள்களில் இது அமையும். அணிந்தவரைத் தீங்கு அணுகாது என்ற நம்பிக்கையே இதனைப் பிற வளையல்களிலிருந்து பிரிக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களும் மன்னாரின் பெருநிலப் பகுதியும் அடங்கிய வன்னியில், பிறந்த குழந்தை முதல் கோயிற் பூசகர் வரை எல்லோர் கையிலும் ஏதோ ஒரு காப்பு ஏறும் நாள் உண்டு. உலோகப் பட்டையோடு ஓலை, சோகி (சோழி), மணி, தொங்கல் முதலியவற்றைச் சேர்த்துக் கையாற் செய்யும் கலப்புக் காப்பு இம்மரபின் பிந்திய வடிவம்.

தொடக்க வரலாறு

காப்பின் முதல் வடிவம் கட்டிய நூலே எனக் கொள்வது பொருந்தும். நூலும் வேரும் மண்ணில் மக்கிவிடுவதால், அகழ்வுகளில் சங்கும் மணியும் உலோகமுமே எஞ்சுகின்றன.

இவற்றுள் சங்கு தலையாயது. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் விளையும் சங்கின் இனத்தையே அறுத்து வளையல் செய்த பட்டறைகள், சிந்துவெளி நாகரிகக் காலத்தில் குசராத்துக் கரையின் நாகேசுவரத்தில் இருந்தன. தமிழகத்தில் கீழடி அகழ்விலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்று 24ஆம் பாடல், வாளரத்தால் சங்கறுத்து வளை செய்வோரைக் குறிப்பிடுகிறது. சங்கின் இரு முனைகளையும் நீக்கிவிட்டு, நடுவுடலைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் கிடைக்கும். ஒரு சங்கில் தேறுபவை சிலவே. அதனால்தான் சங்கு வளை விலையேறிய பொருளாயிற்று.

வன்னியின் மேற்கு வாயில் மாந்தை. திருக்கேதீச்சரத்தை ஒட்டிய இப்பழந்துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. உள்நாட்டுப் போர்ச் சூழலில் அது நின்றுபோக, முழு அறிக்கை 2013இல்தான் நூலாக வெளிவந்தது. மணியாய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் சிறு கண்ணாடி மணிகளைச் செய்த இடங்களின் வரிசையில் அரிக்கமேட்டோடு மாந்தையையும் சேர்த்தார். உருக்கிய கண்ணாடியை மெல்லிய குழாயாக நீள இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்குவது இம்மணிகளின் செய்முறை. கையணியிலும் கழுத்தணியிலும் கோக்க ஏற்ற சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல மணிகள் இவ்வாறு உருவாகி, தென்கிழக்காசியா வரை வழங்கின. ஆதலால் மணி கோத்த அணியை வன்னி வெளியிலிருந்து கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. அதன் வாசலிலேயே மணிப்பட்டறை இருந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண, மன்னார்க் கடல்களின் சங்கு வங்காளத்துக்கு ஏற்றுமதியாகி, டாக்காவின் சங்காரித் தெருவில் மணப்பெண்களின் வளையலாயிற்று. ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய ஆய்வு இத்தொழிலையும் வணிகத்தையும் விரிவாகப் பதிவு செய்கிறது. அதே காலத்தில் வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தின. யானைவால் முடியை முறுக்கிக் கட்டிய காப்பும் மோதிரமும் அச்சம் போக்கும் என்ற நம்பிக்கை, யானை வாழும் நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. இலங்கையில் காட்டு யானை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

தொங்கல்களின் மூலம்

காப்பில் சிறு உருவங்களைத் தொங்கவிடும் பழக்கத்தை அண்மைக் கால நாகரிகமாகக் கருதுவது பிழை. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் உருவைக் கோத்த ஐம்படைத்தாலியைத் தமிழ்க் குழந்தைகள் அணிந்தனர். ஈழத்தில் இது பஞ்சாயுதம் எனப் பெயர்பெறும். கழுத்தில் தொங்கிய அதே எண்ணமே கையில் தொங்கும்போது தொங்கற் காப்பாகிறது.

வகைகள்

நூற்காப்பு: கேதாரகௌரி விரதத்தின் 21 நாள் நிறைவில், ஐப்பசி அமாவாசையன்று, 21 இழையில் 21 முடிச்சிட்ட நூலைக் கோயிலில் கட்டிக்கொள்வர். ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. திருவிழாத் தொடக்கத்தில் பூசகருக்கும் திருமணத்தில் மணமக்களுக்கும் கட்டும் மஞ்சட் காப்பும் இவ்வகையே.

மூலிகைக் காப்பு: வசம்புத் துண்டுகளைக் கருமணியோடு கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவது. பிள்ளை வளர்ப்பான் என்ற பெயர் வசம்புக்கு இதனாலும் பொருந்தும்.

உலோகக் காப்பு: வெள்ளி, செம்பு, பித்தளை, பொன் ஆகியவற்றாலும், பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் சேர்ந்த ஐம்பொன்னாலும் தட்டார் செய்வது. முழுவளையம், வாய் திறந்தது என இருவகை.

கலப்புக் காப்பு: வாய் திறந்த உலோகப் பட்டையை உடலாகவும், பிற பொருள்களைப் போர்வையாகவும் தொங்கலாகவும் கொண்டது.

கலப்புக் காப்பின் செய்முறை

மணிக்கட்டு எலும்பை ஒட்டி நூலைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். 16 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு வாய் 2.5 சென்ரிமீற்றர் விட்டு, ஏறத்தாழ 13.5 சென்ரிமீற்றர் நீளத்தில் பட்டை வெட்டுவர். ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் 2 முதல் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள செம்பு அல்லது பித்தளைத் தகடு ஏற்றது. மூலைகளை அரத்தால் வட்டமாக்கி, ஓரத்தின் பிசிர் போகத் தேய்த்து, தொங்கலுக்கான துளைகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே இட்டுவிட வேண்டும். வளைத்த பின் துளையிட்டால் தகடு நெளியும்.

அடுத்தது பதப்படுத்தல். தகட்டை மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் அது மெத்தென்றாகும். உருளைக் கட்டையில் வைத்து, முனைகளிலிருந்து நடுவை நோக்கிக் கொட்டாப்புளியால் தட்டி வளைப்பர். தட்டத் தட்ட உலோகம் மறுபடி இறுகும். அந்த இறுக்கமே காப்பு விரிந்து மூடும் வில்தன்மையைத் தருகிறது. பழப்புளியால் தேய்த்துக் கழுவி உலர்த்துவதையும் இந்நிலையில் முடித்துவிட வேண்டும், ஏனெனில் ஓலை ஏறியபின் ஈரம் படக்கூடாது.

போர்வைக்குப் பனங்குருத்தோலை சிறந்தது. வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டிய சாயத்தைக் கொதிநீரில் கரைத்து ஊறவைப்பர். உலர்ந்த ஓலை ஒடியும். ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமானபின் சுற்றினால் படியும். பெட்டியும் கடகமும் இழைக்கும் பன்னவேலைக் கைகளுக்கு இது எளிது. இரு நிற வார்களை மேலும் கீழுமாக ஊடுபாய்த்தால் பாய்ப்பின்னல் தோன்றும்.

தொங்கல்களுக்கு முல்லைத்தீவுக் கரையின் சோகி, சிப்பி, ஊரி, தேய்த்து எண்ணெய் பூசிய சிரட்டைத் துண்டு, மஞ்சாடி விதை, வெள்ளிப் பஞ்சாயுத உரு, பழைய நாணயம், சிறு சலங்கை ஆகியவை பொருந்தும். கம்பியைத் தடியில் சுருளாகச் சுற்றி நீளவாக்கில் அறுத்தால் ஒரே அளவு வளையங்கள் பல கிடைக்கும். வளையத்தின் வாயைப் பக்கவாட்டில் திருப்பித் திறந்து மூட வேண்டும். இருபுறமும் இழுத்து விரித்தால் வட்டம் கெட்டுத் தொங்கல் கழன்றுவிடும். பாரமானது நடுவிலும் இலேசானவை ஓரங்களிலும் வந்தால் காப்பு கையில் உருளாது.

குன்றிமணி அழகாயினும் கொடிய நஞ்சுள்ளது. துளையிட்டாலோ உடைத்தாலோ நஞ்சு வெளிப்படும். எனவே அதனை அறவே தவிர்க்க வேண்டும். விழுங்கக்கூடிய தொங்கல் எதையும் குழந்தையின் கையில் இடலாகாது. குளக்கட்டிலும் வயலிலும் அகப்படும் பழைய மணிகளையும் நாணயங்களையும் அணியிற் சேர்க்கக்கூடாது. அவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை.

இன்றைய நிலை

இத்தகைய கைவினைகளுக்குத் துணையாகப் பனை அபிவிருத்திச் சபை 1978இலும் தேசிய அருங்கலைகள் பேரவை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் உருவாயின. ஆனால் 2009இல் முடிந்த போரில் வன்னி மக்கள் நகைகளை இழந்தனர். விடுதலைப் புலிகளின் தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்தவை அரச படையினர் வசமாகி, ஒரு பகுதி 2014இல் உரியவர்களிடம் சேர்ந்தது. இராணுவத்தின் பொறுப்பில் இருந்த நகைகள் 2025 மே மாதம் பொலிசாரிடம் கையளிக்கப்பட்டன. வீடுகளில் எஞ்சியுள்ள பழைய காப்புகளின் வடிவம், எடை, அணிந்த சந்தர்ப்பம் ஆகியவற்றை ஊர்தோறும் படமும் குறிப்புமாகத் தொகுப்பது உடனடியாகச் செய்ய வேண்டிய பணி.