கூஸ்பெரி சங்கங்கள் (இங்கிலாந்து)

கூஸ்பெரி சங்கங்கள் என்பவை, மிக அதிக எடையுள்ள கூஸ்பெரிப் பழத்தை விளைவிப்பவருக்குப் பரிசு வழங்குவதற்காக வட இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய உள்ளூர்த் தோட்டக்கலை அமைப்புகள். லங்காஷயர், செஷயர், யார்க்ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆகிய பகுதிகளில் இவை பரவியிருந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நெசவாளர்களும் கைவினைஞர்களும் சிறு குடியானவர்களும் ஆவர். இவர்களின் ஆண்டுப் பதிவேடுகள் பின்னாளில் சார்லஸ் டார்வினுக்குச் சான்றாகப் பயன்பட்டன.

தமிழ் அகராதிகள் கூஸ்பெரி என்பதற்கு நெல்லிக்காய் என்றே பொருள் தருகின்றன. ஆனால் இரண்டும் உறவற்ற தாவரங்கள். நெல்லி, கீழாநெல்லியின் பேரினமான ஃபில்லாந்தஸைச் சேர்ந்த மரம். அதன் காய்க்குள் இருப்பது ஒரே கொட்டை. கூஸ்பெரியோ ரைபீஸ் பேரினத்தைச் சேர்ந்த முள் நிறைந்த குத்துச்செடி. குளிர்நாட்டில் மட்டுமே நன்கு காய்க்கும். மெல்லிய தோலுக்குள் சாறும் பல சிறு விதைகளும் இருக்கும். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் உருவ ஒற்றுமை கண்டு நெல்லிக்குத் தம் ஊர்ப் பழத்தின் பெயரை இட்டனர். குழப்பம் அன்று தொடங்கியது.

தோற்றம்

லங்காஷயரின் கைத்தறி நெசவாளர் வீட்டிலேயே தறி வைத்து வேலை செய்தவர். வேலைக்கு இடையே எழுந்து போய்ச் செடியைப் பார்த்து வர அவரால் முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பழமரத் தோப்பு வைக்க இயலாது. ஆனால் நான்கைந்து கூஸ்பெரிச் செடிகளுக்கு இடம் உண்டு. செலவும் குறைவு. ஒரு குச்சியை வெட்டி ஊன்றினால் வேர்பிடித்துவிடும்.

சங்கங்கள் கூடிய இடம் ஊர் மதுச்சாலை. கூட்டம் சேர்ந்தால் மது விற்பனையாகும் என்பதால் கடைக்காரரும் ஆர்வத்தோடு இடம் கொடுத்தார். உறுப்பினர் சந்தா பரிசுத் தொகையாயிற்று. பல ஊர்களில் முதற்பரிசு ஒரு செப்புக் கெட்டில்; போட்டிக்கு முன்பே அது மதுச்சாலையில் எல்லோரும் காணத் தொங்கவிடப்படுவதுண்டு. இதே மக்கள் துலிப், ஆரிகுலா போன்ற மலர்களுக்கும் சங்கம் வைத்திருந்தனர். 1836-இல் தொடங்கிய வேக்ஃபீல்டு துலிப் சங்கம் இன்றும் தன் மலர்களைப் பீர் பாட்டில்களில் செருகியே காட்சிக்கு வைக்கிறது.

ஓராண்டின் வேலைகள்

போட்டி நடப்பது கோடையில் ஒரே ஒரு நாள். வேலை ஆண்டு முழுவதும் உண்டு. இலையுதிர் காலத்தில் குச்சி நடுதலும், குளிர்காலத்தில் கவாத்து செய்தலும் உரமிடுதலும் நடக்கும். கூஸ்பெரி வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும். அப்போது ஓரிரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் போயிற்று. ஆகவே இரவில் செடிகளைத் துணியால் மூடுவர். பிஞ்சு பிடித்ததும் கடினமான கட்டம் வரும். ஒரு செடியில் சில காய்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிய வேண்டும். எதை விடுவது என்பதில்தான் விளைவிப்பவரின் கண் தெரியும்.

ஜான் கிளாடியஸ் லூடன் 1822-இல் வெளியிட்ட தோட்டக்கலைக் கலைக்களஞ்சியம் லங்காஷயர்காரர்களின் ஒரு வினோத முறையைப் பதிவு செய்துள்ளது. செடியில் மூன்று நான்கு காய்களை மட்டும் விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு தட்டில் நீர் வைப்பார்களாம். இதற்குப் ‘பாலூட்டல்’ என்ற பொருள் தரும் பெயர் வழங்கியது. காய் நீரைக் குடிக்கும் என்று நம்பினார்களோ என்னவோ. சுற்றியுள்ள காற்றின் ஈரம் தோல் வெடிக்காமல் காத்திருக்கலாம்.

கடைசி இரண்டு வாரங்களில் பகை இரண்டு. ஒன்று குளவி, ஒரு துளை போட்டாலும் பழம் வீண். மற்றொன்று மழை, திடீரென நீர் ஏறினால் பழுத்த காய் வெடித்துவிடும். இதற்காகச் செடிக்குக் குடை பிடித்து நிறுத்துவோர் இன்றும் உள்ளனர். செஷயர் சங்கங்களில் போட்டிக்கு முன்தினம் மற்ற உறுப்பினர்களின் கண்முன் பழம் பறிக்கப்பட்டு, மரப்பெட்டியில் முத்திரையிட்டு வைக்கப்படும். நம்பிக்கைக் குறைவு என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. பதிவு ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

எடை போட்டி சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நிறவாரியாக நடக்கும். ஒரே காம்பில் காய்த்த இரட்டைப் பழத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. சுவைக்கு மதிப்பெண் கிடையாது. செஷயரில் இன்றும் பென்னிவெயிட், கிரெயின் என்ற பழைய அளவைகளே வழக்கில் உள்ளன. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். பொற்கொல்லரின் குன்றிமணியில் கிட்டத்தட்டப் பாதி. இவ்வளவு சிறிய வேறுபாட்டில் பரிசு கைமாறியிருக்கிறது.

பதிவேடும் டார்வினும்

போட்டி முடிவுகள் ‘கூஸ்பெரி வளர்ப்போர் பதிவேடு’ என்ற ஆண்டு வெளியீட்டில் அச்சாயின. டார்வின் அறிந்த மிகப் பழைய பிரதி 1786-ஆம் ஆண்டினது. 1845-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் மட்டும் 171 போட்டிகளின் விவரம் உள்ளது. புதிய ரகத்தின் பெயருக்கு முன் அதை உருவாக்கியவரின் பெயரைச் சேர்ப்பதும் வழக்கமாக இருந்தது. வரி ஏட்டிலும் கல்லறைப் பதிவிலும் அன்றி வேறெங்கும் பெயர் வராத மனிதர்கள் இவ்வாறு அச்சில் ஏறினர்.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய 1859-ஆம் ஆண்டு நூலில், சரியான பதிவுகள் வைக்கப்பட்ட இடங்களில் தேர்வின் விளைவை நேராகக் காணலாம் என்பதற்கு டார்வின் காட்டிய எளிய உதாரணம் கூஸ்பெரியே. வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் அடையும் மாறுபாடுகள் குறித்த 1868-ஆம் ஆண்டு நூலில் எண்களையே அடுக்கினார். காட்டுக் கூஸ்பெரியின் எடை 120 கிரெயின், அதாவது 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1786 அளவில் போட்டிப் பழம் அதன் இருமடங்கு. 1817-இல் ஏறக்குறைய 41 கிராம். 1852-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் விளைந்த ‘லண்டன்’ ரகப் பழம் 896 கிரெயின், அதாவது 58 கிராம். அதே எடையுள்ள ஒரு சிறிய ஆப்பிளைத் தேடி ஒப்பிட்டும் பார்த்தார் டார்வின்.

உரம், மூடாக்கு, காய் குறைத்தல் ஆகியவற்றின் பங்கை அவர் மறுக்கவில்லை. ஆயினும் விதையிலிருந்து முளைத்த நாற்றுகளில் சிறந்ததைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்ததே முதன்மைக் காரணம் என்றார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. குச்சி நட்டால் தாய்ச்செடியே மீண்டும் வரும். விதை போட்டால்தான் புதியது வரும். நெசவாளர்கள் இரண்டையும் செய்தனர். பரிணாமக் கொள்கை பற்றிப் பேசும்போது கலாபகோஸ் தீவுக் குருவிகளைச் சொல்லும் பாடநூல்கள் இந்த மதுச்சாலைத் தராசுகளைச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நலிவும் எச்சமும்

நெசவு ஆலைக்குள் போனதும் தொழிலாளியின் நேரம் ஆலைச் சங்கின் வசமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்க வகைச் சாம்பல் நோய் இங்கிலாந்தின் கூஸ்பெரிச் செடிகளைத் தாக்கியது. பின்னர் முதல் உலகப் போர் வந்தது. சங்கங்கள் பெரும்பாலும் மறைந்தன. செஷயரில் கூஸ்ட்ரி, ஸ்வெட்டன்ஹாம் முதலிய சில கிராமங்களிலும், யார்க்ஷயரில் எக்டன் பிரிட்ஜிலும் அவை எஞ்சின.

விட்பி நகருக்கு அருகே எஸ்க் ஆற்றங்கரையில் உள்ள எக்டன் பிரிட்ஜ் சிற்றூரின் சங்கம் 1800-இல் தொடங்கியது. ஆகஸ்டு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே போட்டி நடைபெறும். 2019-இல் அங்கு எடையிடப்பட்ட ஒரு பழம் 64.83 கிராம் இருந்து உலக சாதனையாயிற்று.

கூஸ்பெரி தன் உச்ச எடையை ஒருவேளை எட்டிவிட்டிருக்கலாம் என்று டார்வின் 1860-களில் கருதினார். முற்றிலும் புதிய ரகம் தோன்றினாலன்றி மேலும் கூடாது என்பது அவர் எண்ணம். 1786-க்கும் 1852-க்கும் இடையிலான 66 ஆண்டுகளில் கூடிய எடை 42 கிராம். அடுத்த 167 ஆண்டுகளில் கூடியது 7 கிராமுக்கும் குறைவு.