ஆலைக்குள் வந்த குழந்தைகள்: கல்கத்தாச் சணல் தொழிலும் காப்பகச் சட்டமும்

இந்தியாவில் குழந்தைக் காப்பகம் முதலாளியின் சட்டக் கடமையான வரலாறு பெரும்பாலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து எழுதப்படுகிறது. அச்சட்டத்தின் 48ஆம் பிரிவுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு விவாதம் ஒன்று உண்டு. அவ்விவாதத்தின் முதன்மையான களங்களுள் ஒன்று, கல்கத்தாவுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் எழுந்த சணல் ஆலைகள். அந்த ஆலைகளில் பெண் தொழிலாளர்களின் தொகை குறைந்துகொண்டிருந்த காலமும், அவர்களுடைய குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உருவான காலமும் ஒன்றே. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காமல் காப்பகத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

முதல் சணல் ஆலை 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் தொடங்கியது. 1920களின் இறுதியில் இத்தொழிலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சணலைப் பக்குவப்படுத்தும் தொடக்கநிலைப் பிரிவுகளிலும், கோணிப்பைகளைக் கையால் தைக்கும் பிரிவிலும் அவர்கள் மிகுதியாக இருந்தனர். தையல் பிரிவில் கூலி, தைத்த பைகளின் எண்ணிக்கைக்கேற்ப வழங்கப்பட்டது. பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்த ஆண்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்தவர்கள். சென்னை மாகாணத்தின் வடகோடியிலிருந்த கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்து வந்த தெலுங்கர்கள் மனைவி மக்களோடு குடியேறினர். ஆலைக் குடியிருப்புகளில் 'மதராஸிகள்' என்று அழைக்கப்பட்ட இக்குடும்பங்களில் ஆணும் பெண்ணும் ஆலைக்குச் சென்றனர். ஊரிலிருந்தால் குழந்தையைப் பாட்டியோ அத்தையோ பார்த்துக்கொள்வார்கள். ஆலைக் குடியிருப்பில் அந்த உறவு வலை இல்லை. ஆகவே கைக்குழந்தைகளும் ஆலைக்குள் வந்தன.

அவை வந்த செய்தி அரசு ஆவணங்களில் இடம்பெற்றதற்கு உலகளாவிய பின்னணி ஒன்று உண்டு. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வேலைக்குத் தடை, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரை மணி நேர இடைவேளை ஆகியன அதன் கூறுகளுள் அடங்கும். இந்தியா அதனை ஏற்கவில்லை. பெண் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து தெரிவிக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்ளப்பட்டது. டாக்மார் கர்ஜெல் என்ற பெண் மருத்துவர் வங்கத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை 1923இல் வெளிவந்தது இந்தச் சூழலில்தான். இயந்திரங்களின் ஓசைக்கும் சணல் தூசிக்கும் நடுவே கோணியின் மேல் படுத்துறங்கும் குழந்தைகளை அக்கால ஆவணங்களில் மீண்டும் மீண்டும் காணலாம்.

குழந்தைகள் ஏன் உள்ளே விடப்பட்டன? தாயின் கூலியை நம்பியே குடும்பம் இருந்தது; தாயின் உழைப்பை நம்பியே சர்தாரின் கணக்கு இருந்தது. பாலூட்டத் தாய் வீட்டுக்குச் சென்று திரும்புவதைக் காட்டிலும் குழந்தை பக்கத்தில் கிடப்பது ஆலைக்கு இலாபம். ஆதலால் தொழிலாளர் சேர்ப்பிலும் கண்காணிப்பிலும் அதிகாரம் செலுத்திய சர்தார்களும் அலுவலர்களும் இதனைக் கண்டும் காணாதிருந்தனர். குழந்தையைப் பேணும் செலவில் ஆலைக்கு எந்தப் பங்கும் இல்லாதிருந்ததே இந்த 'அனுமதி'யின் பொருள்.

காப்பகம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நிர்வாகத் தரப்பு வழக்கமாகக் கூறிய விடை ஒன்றுண்டு: இந்தியத் தாய்மார் தம் குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைக்கமாட்டார்கள், அறை கட்டினாலும் அது வெறுமையாகவே கிடக்கும். சாதி வேற்றுமை, அறியாமை, வழக்கம் ஆகியன இதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. இக்கூற்றைப் பொய் என்று முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. தன் மொழி பேசாத, தான் அறியாத ஒருத்தி தன் குழந்தைக்கு எதை ஊட்டுவாள் என்ற தாயின் அச்சம் உண்மையானது. எண்ணிக்கைக் கூலி பெறும் பெண், தன் இடத்திலிருந்து தொலைவிலுள்ள அறைக்குப் பாலூட்டச் சென்று வந்தால், அந்நேரத்தின் கூலியை இழப்பாள். இடைவேளைக்கு உரிமை இல்லாத இடத்தில் காப்பகம் பயன்படாது. தாயின் தயக்கம் வேலை அமைப்பிலிருந்து பிறந்தது; ஆவணம் அதனைப் பண்பாட்டுக் குணமாகப் பதிவுசெய்தது. இவ்விடத்தில் டண்டி நகரத்தை நினைவுகூரலாம். கல்கத்தா ஆலைகளின் மேலாளர்களிலும் மேற்பார்வையாளர்களிலும் பலர் ஸ்காட்லாந்தின் அந்தச் சணல் நகரத்திலிருந்து வந்தவர்கள். டண்டி ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையினர். மணமான பின்னும் வேலைக்குச் சென்ற பெண்கள் அங்கு மிகுதி. குழந்தை பெற்றபின் வேலைக்கு வரும் தாய் அந்த மேலாளர்களுக்குப் புதுமையானவள் அல்லள்.

1929இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன் 1931இல் தன் அறிக்கையை அளித்தது. 250 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் காப்பகத்தைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அந்த எண்ணை 50க்கு மேல் எனக் குறைத்தது. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்குமாறு ஆலையைப் பணிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளின் விருப்பத்திற்கே விட்டது. பம்பாய் 1929இலேயே மகப்பேற்று உதவிச் சட்டம் கண்டது. வங்கத்துக்கு அத்தகைய சட்டம் 1939இல்தான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமே ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உள்ள எல்லாத் தொழிற்சாலைகளிலும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், துப்புரவு, குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு ஆகியவற்றை அது வலியுறுத்தியது. இலவசப் பால் அல்லது சிற்றுண்டி வழங்குவது பற்றியும், தாய்மார் இடையிடையே வந்து பாலூட்டுவது பற்றியும் விதிகள் இயற்ற அது இடமளித்தது. 1976இல் ஐம்பது என்ற எண் முப்பதாகக் குறைக்கப்பட்டது.

சட்டம் செம்மையுற்ற அதே பத்தாண்டுகளில் சணல் ஆலைகளிலிருந்து பெண்கள் மறைந்தனர். விடுதலைக்குப் பிந்தைய இரு பத்தாண்டுகளில் அவர்கள் மொத்தத் தொழிலாளரில் சில விழுக்காடாகச் சுருங்கினர். காப்பகச் செலவே பெண்களை வெளியேற்றியது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழையாகும். 1950களின் இயந்திர நவீனமயமாக்கம் பெண்கள் செய்துவந்த கைவேலைகளை அகற்றியது. இரவு வேலைத் தடை, ஆண் தொழிலாளரின் மிகுதி, தொழிற்சங்கங்களின் அக்கறையின்மை ஆகியனவும் சேர்ந்தன. குடும்பத்தைக் காக்கும் கூலி ஆணுடையது, பெண்ணின் கூலி துணைக்கூலி என்ற கருத்து இவை அனைத்துக்கும் நியாயம் கற்பித்ததைச் சமிதா சென் 1999இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆயினும் சட்டத்தின் வரைவிலேயே ஒரு பழுது இருந்தது. அது பெண்களை எண்ணியது, குழந்தைகளை எண்ணவில்லை. தந்தையர் ஆயிரவர் உழைக்கும் ஆலையில் பெண்கள் ஐம்பதின்மரைத் தாண்டாவிட்டால் குழந்தைக்குக் காப்பகம் இல்லை. குழந்தை பெண்ணோடு மட்டும் ஒட்டிய செலவு என்று சட்டமே முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதே கல்கத்தாவின் மற்றொரு தொழிலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஆண்ட்ரூ யூல் முதலிய மேலாண்மை முகவர் நிறுவனங்கள் சணல் ஆலைகளையும் தேயிலைத் தோட்டங்களையும் ஒருங்கே நடத்தின. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் டார்ஜிலிங், டூவார்ஸ் தோட்டங்களுக்கும், தமிழகத்தில் நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது திருத்தப்பட்டு, ஐம்பது பெண்கள் இல்லாவிடினும் பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபதின்மர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றாயிற்று. கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத் தமிழர் 'பிள்ளைக் காம்பரா' என்று வழங்கும் இடமும் இதே தேவையிலிருந்து எழுந்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பதில் பெண்களே பெரும்பான்மையினர். அவர்களை நீக்கிவிட்டுத் தோட்டம் நடத்த முதலாளியால் இயலவில்லை. சணலில் இயன்றது. தோட்டக் காப்பகங்களின் தரம் பற்றிக் குறைகள் பல உண்டு. எனினும் அந்த நிறுவனம் நிலைத்தது. பெண்ணின் உழைப்பு இன்றியமையாததாக இருந்த இடத்தில் காப்பகம் தங்கியது. பெண்ணுக்கு மாற்று கிடைத்த இடத்தில் காப்பகத்தின் தேவையே பெண்ணோடு சேர்த்து நீக்கப்பட்டது.

மகப்பேற்று உதவிச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பழுதை ஓரளவு நீக்கியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், உள்ள நிறுவனங்களில் காப்பகம் வேண்டும்; தாய் நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம். எண்ணும் முறையில் இது பெரிய மாற்றம். ஆனால் இன்றைய கொல்கத்தாவில் உழைக்கும் தாய்மார் பலர் ஐம்பது பேர் கூடும் எந்தக் கூரையின் கீழும் இல்லை. கேனிங், லட்சுமிகாந்தபூர் தடங்களின் விடியற்காலை மின்தொடர் வண்டிகளில் தெற்கு 24 பர்கனாக்களிலிருந்து நகரத்துக்கு வரும் வீட்டுப் பணிப்பெண்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வீடுகளில் வேலை செய்கின்றனர். அவர்களுள் பலர் 'ஆயா'க்கள். போர்த்துகீசியத்திலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்து நிலைத்த சொல் அது. பிறர் குழந்தையைப் பேணும் அப்பெண்ணின் கைக்குழந்தைக்கு எந்த முதலாளியும் கடமைப்பட்டவரல்லர்.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளைக் கருதியது. ஆயினும் அங்கன்வாடி சில மணி நேரமே திறந்திருக்கிறது. அதன் முன்பள்ளிக் கல்வி மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சத்துணவு கிடைக்கிறது; பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைப்பதில்லை. அங்கன்வாடியையும் காப்பகத்தையும் இணைக்க 2022இல் வகுக்கப்பட்ட 'பால்னா' திட்டம் இவ்விடைவெளியை உணர்ந்ததன் அடையாளம். பால்னா என்றால் இந்தியில் தொட்டில்.

கர்ஜெலின் அறிக்கைக்குப் பின் நூறாண்டுகள் கடந்துவிட்டன. காப்பகம் எத்தனை பெண்களுக்கு ஒன்று என்ற கேள்வியிலேயே சட்டம் நெடுங்காலம் நின்றது. சணல் ஆலைகளின் வரலாறு அக்கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்கிறது: ஒரு தெருவில், ஒரு குடியிருப்பில், ஒரு வண்டித்தடத்தின் ஊர்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களை எண்ணிக் காப்பகம் அமைத்தால், தாயை வேலைக்கு எடுப்பவருக்கு அவளுடைய குழந்தை ஒரு சுமையாகத் தோன்றாது.