எழுதிக் கொடுத்தவருக்குத் தண்டனை உண்டா?

அரசாங்கம் ஒரு தப்பான காரியம் செய்கிறது. செய்தவனைப் பிடித்துக் கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்கிறான். மேலிடத்தைக் கேட்டால் "வக்கீலைக் கேட்டுத்தான் செய்தோம், சட்டப்படி சரி என்று எழுதியே கொடுத்திருக்கிறார்" என்கிறார்கள். வக்கீலைக் கேட்டால் "கருத்துக் கேட்டார்கள், சொன்னேன். நான் யாரையும் தொடக்கூட இல்லையே!" என்கிறார். அப்படியானால் குற்றம் செய்தது யார்? யாருமே இல்லையா?

இது சும்மா கற்பனைக் கேள்வி இல்லை நண்பர்களே. அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. அதற்கு 60 வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியிலும் நடந்தது. இரண்டிலும் முடிவு வேறு வேறு. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2002: ஐம்பது பக்கக் காகிதம்

அமெரிக்க நீதித்துறையில் சட்ட ஆலோசனை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. ஆள் கொஞ்சம், அதிகாரம் நிறைய. அதிபரோ, ராணுவமோ, சி.ஐ.ஏ.வோ "இதைச் செய்யலாமா?" என்று கேட்டால் "செய்யலாம், செய்யக்கூடாது" என்று எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை. இவர்கள் எழுதியது அரசு நிர்வாகம் முழுவதையும் கட்டுப்படுத்தும். கிட்டத்தட்ட அரசாங்கத்துக்குள் ஒரு குட்டிக் கோர்ட் மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே எதிர்க்கட்சி வக்கீல் கிடையாது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கிட்டத்தட்ட 3,000 பேர் செத்தார்கள். அடுத்த தாக்குதல் எப்போது என்ற பயம் எல்லோருக்கும். 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் அபு சுபைதா என்பவர் பிடிபட்டார். அவரிடம் விசாரிக்க எவ்வளவு தூரம் போகலாம் என்று சி.ஐ.ஏ. கேட்டது. சித்திரவதை அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்திலும் அமெரிக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறது.

2002 ஆகஸ்ட் 1 அன்று பதில் வந்தது. பெரும்பாலும் எழுதியவர் ஜான் யூ, அப்போது வயது 35. கையெழுத்துப் போட்டவர் அலுவலகத்தின் தலைவர் ஜே பைபீ. சுமார் ஐம்பது பக்கம். அதன் சாரம் இதுதான்: வலி கொடுப்பதெல்லாம் சித்திரவதை ஆகாது. உறுப்பு செயலிழப்பது, உடல் இயக்கம் கெடுவது, மரணம் நேர்வது போன்ற கடும் பாதிப்போடு வரும் வலிக்குச் சமமாக இருந்தால்தான் சித்திரவதை. அதையும் மீறிப் போனாலும், போர்க்காலத்தில் அதிபரின் அதிகாரத்தை இந்தச் சட்டம் தடுக்க முடியாது.

இந்த "உறுப்பு செயலிழப்பு" அளவுகோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மருத்துவ உதவித் திட்டங்கள் பற்றிய ஒரு சட்டத்திலிருந்து. எது அவசர சிகிச்சை என்று சொல்வதற்காக எழுதிய வாசகம் அது. அதைத் தூக்கிக் கொண்டு வந்து சித்திரவதைக்கு அளவுகோலாக வைத்து விட்டார்கள்!

அதே நாளில் சி.ஐ.ஏ.வுக்கு இன்னொரு கடிதமும் போனது. பத்து வழிமுறைகளுக்கு அனுமதி. ஒரு தடவைக்கு 11 நாள் வரை தூங்க விடாமல் வைப்பது, சின்னப் பெட்டிக்குள் அடைப்பது, வாட்டர்போர்டிங் எல்லாம் அதில் உண்டு. வாட்டர்போர்டிங் என்றால், ஆளைச் சாய்வான பலகையில் கட்டி, முகத்தில் துணியைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றுவது. மூழ்கிச் சாகிறோம் என்று உடம்பு நம்பி விடும். அந்த ஆகஸ்டில் மட்டும் அபு சுபைதாவுக்கு இது 83 முறை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் காலித் ஷேக் முகமதுவுக்கு 183 முறை. 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் இருந்த ரகசியச் சிறையில் குல் ரஹ்மான் என்பவர் அரை நிர்வாணமாகச் சங்கிலியில் கட்டப்பட்டு, குளிரிலேயே செத்துப் போனார்.

எழுதாமல் விட்டது

ஒரு வக்கீலின் கருத்து தப்பாகப் போகலாம். அதற்கெல்லாம் தண்டனை கொடுத்தால் நாட்டில் ஒரு வக்கீலும் மிஞ்ச மாட்டார். பிரச்சினை அது இல்லை. அந்தக் காகிதத்தில் என்ன இல்லை என்பதுதான் பிரச்சினை.

போர்க்காலத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை எது என்று கேட்டால் அமெரிக்க சட்டக் கல்லூரி மாணவன்கூட முதலில் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. 1952ல் கொரியப் போர் நேரத்தில் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசுடைமை மாதிரி கையில் எடுத்தார். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. அதிபர் அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய 2002 கடிதத்தில் அந்த வழக்கின் பெயர்கூட இல்லை.

இன்னொன்று. டெக்சாஸில் ஒரு ஷெரீஃபும் அவருடைய ஆட்களும் கைதிகளின் முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கினார்கள். 1983ல் அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. வழக்குப் போட்டது யார்? இதே நீதித்துறை! அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டோக்கியோ விசாரணையில் ஜப்பானியர்கள் செய்த தண்ணீர்ச் சித்திரவதையும் குற்றங்களின் பட்டியலில் இருந்தது.

நான் படிப்பது வணிகவியல். எங்கள் பாஷையில் சொன்னால் இது கணக்கில் தப்பு அல்ல, தெரிந்த கடனைப் பேலன்ஸ் ஷீட்டில் காட்டாமல் விடுவது.

அப்புறம் என்ன ஆயிற்று?

2004 ஏப்ரலில் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தன. ஜூனில் இந்தக் கடிதம் கசிந்தது. அப்போது அதே அலுவலகத்தின் தலைவராக இருந்த ஜாக் கோல்ட்ஸ்மித் அதை வாபஸ் வாங்கி விட்டு ராஜினாமா செய்தார். இவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, புஷ் அரசு நியமித்த ஆள்தான். ஆனால் பைபீ அதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஆகி விட்டார். யூ பெர்க்லியில் சட்டம் சொல்லித் தரத் திரும்பிப் போய் விட்டார்.

நீதித்துறையின் உள் விசாரணைப் பிரிவு பல ஆண்டுகள் விசாரித்து 2009ல் அறிக்கை கொடுத்தது. யூ செய்தது வேண்டுமென்றே செய்த தொழில் ஒழுங்கு மீறல், பைபீ செய்தது பொறுப்பற்ற அலட்சியம் என்று சொன்னது. யூவின் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை அழிந்து போய், மீட்க முடியவில்லை என்றும் அதில் இருக்கிறது. ஆனால் 2010 ஜனவரியில் டேவிட் மார்கோலிஸ் என்ற மூத்த அதிகாரி அந்த முடிவை மாற்றினார். "மோசமான தீர்மானம்தான், ஆனால் ஒழுங்கு மீறல் இல்லை" என்று முடித்து விட்டார். பார் கவுன்சிலுக்குக்கூட விஷயம் போகவில்லை.

ஹோசே பாடியா என்ற அமெரிக்கக் குடிமகன், வழக்கே இல்லாமல் மூன்று வருடத்துக்கு மேல் ராணுவச் சிறையில் இருந்தவர், யூ மேல் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு டாலர். 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காரணம், பாடியாவை நடத்திய விதம் சித்திரவதைதான் என்பது அந்தக் காலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவாகி இருக்கவில்லையாம். சட்டத்தைக் குழப்பியவர்களில் ஒருவரே அந்தக் குழப்பத்தைக் காட்டித் தப்பிக்கிறார். எப்படி இருக்கிறது கதை?

சரி, அடித்தவர்களாவது மாட்டினார்களா? வக்கீல் ஆலோசனையை நம்பிச் செய்தோம் என்று சொல்லித் தப்பிக்க 2005ல் நாடாளுமன்றமே சட்டத்தில் வழி வைத்தது. எழுதிக் கொடுத்த எல்லைக்குள் நல்லெண்ணத்தோடு நடந்தவர்கள் மேல் வழக்கு இல்லை என்று 2009ல் ஒபாமா அரசும் சொல்லி விட்டது. எல்லை தாண்டியவர்கள் பற்றிய விசாரணையும் 2012ல் ஒரு குற்றச்சாட்டு கூட இல்லாமல் மூடப்பட்டது. ஆக, அடித்தவருக்கு வக்கீல் கேடயம். வக்கீலுக்கு "வெறும் கருத்து" கேடயம். வட்டம் முழுமையாகி விட்டது. என் கட்டுரையின் முதல் பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள்.

நியூரம்பெர்க் சொன்ன பதில்

இதே வாதத்தை 1947, 48ல் வேறு சிலரும் சொன்னார்கள். கேட்டவர்கள் அமெரிக்க நீதிபதிகள்.

நியூரம்பெர்க் என்றால் கோரிங், ஹெஸ் ஆகியோரை விசாரித்ததுதான் நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அமெரிக்கா தனியாக 12 வழக்குகள் நடத்தியது. ஒன்றில் நாஜி நீதித்துறையைச் சேர்ந்த 16 பேர் மேல் குற்றச்சாட்டு. தீர்ப்பு வந்தபோது 10 பேர் குற்றவாளிகள், நான்கு பேர் விடுதலை. நீதித்துறைப் பொறுப்பு அமைச்சராக இருந்த ஷ்லெகல்பெர்கருக்கு ஆயுள் தண்டனை.

ஆனால் நம் கேள்விக்கு நெருக்கமானவர் இன்னொரு வழக்கில் இருக்கிறார். பெயர் ருடால்ஃப் லேமன். ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர். சோவியத் ரஷ்யா மீது படையெடுக்கும் முன், 1941 மே 13 அன்று ஒரு உத்தரவு வந்தது. சந்தேகப்படும் பொதுமக்களைக் கோர்ட் இல்லாமலே சுடலாம், பொதுமக்களிடம் குற்றம் செய்யும் சிப்பாய் மேல் வழக்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொன்ன உத்தரவு. ஹிட்லர் விரும்பியதைச் சட்ட வாசகமாக்கியவர்களில் முக்கியமானவர் இவர். இவரும் துப்பாக்கி தூக்கவில்லை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 1948ல் ஏழு வருடச் சிறை கொடுத்தது.

"வேறு என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்பீர்கள். அதே தலைமையகத்தில் இன்னொரு வக்கீல் இருந்தார், ஹெல்முட் ஃபான் மோல்ட்கே. உளவுத் துறையில் சர்வதேசச் சட்ட ஆலோசகர். சோவியத் போர்க்கைதிகளை நடத்தும் விதம் சட்டவிரோதம் என்று 1941 செப்டம்பர் 15 தேதியிட்ட ஒரு குறிப்பைத் தயாரித்தார். அவருடைய தலைவர் கனாரிஸ் கையெழுத்தோடு அது மேலே போனது. இது பழைய காலத்து வீர தர்மம், நாம் அழிப்பது ஒரு சித்தாந்தத்தை, என்கிற அர்த்தத்தில் ஓரத்தில் எழுதித் திருப்பி விட்டார் கைட்டல். 30 லட்சத்துக்கும் மேல் சோவியத் கைதிகள் செத்தார்கள். மோல்ட்கேயால் தடுக்க முடியவில்லைதான். ஆனாலும் எழுதினார். பின்னால் ஹிட்லர் எதிர்ப்புக் குழுவில் இருந்ததற்காக 1945 ஜனவரி 23 அன்று, 37 வயதில் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூவும் லேமனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. லேமன் எழுதியது ஆலோசனை இல்லை, உத்தரவின் வாசகம். செத்தவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடவே முடியாது. நான் எடுத்துக் கொள்வது கொள்கையை மட்டும்: "பேனா பிடித்தவன் குற்றவாளி ஆக முடியாது" என்ற வாதம் 1948லேயே தோற்று விட்டது. தோற்கடித்தது அமெரிக்கா.

மறுபக்கம்

தண்டிக்கக் கூடாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தண்டனைப் பயம் வந்தால் அரசு வக்கீல்கள் எதற்கெடுத்தாலும் "முடியாது" என்று எழுதுவார்கள். ஆட்சி மாறினால் பழைய ஆட்சியின் வக்கீல்களைப் புது ஆட்சி உள்ளே தள்ளும். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணமும் பாருங்கள். 1976ல் நம் எமர்ஜென்சி காலத்து ஜபல்பூர் வழக்கில், போலீஸ்காரர் சட்டவிரோதமாக ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் கிடையாதா என்று நீதிபதி கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கும் வரை கிடையாது என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார். கேட்கவே பயங்கரம். ஆனால் அவரைத் தண்டிக்கலாமா? கூடாது என்றுதான் தோன்றுகிறது. அவர் பேசியது திறந்த கோர்ட்டில். எதிரே மறுத்துப் பேச வக்கீல்கள் இருந்தார்கள். தீர்ப்புச் சொன்னது அவர் அல்ல, நீதிபதிகள். அதில் கன்னா ஒருவர் மட்டும் எதிர்த்துத் தீர்ப்பு எழுதி, தலைமை நீதிபதி பதவியை இழந்தார்.

ரகசிய அறையில் எழுதித் தருவது அப்படி இல்லை. அங்கே வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே, நீதிபதியும் அவரே. அதனால் எதிர்த்தரப்பு வழக்குகளை எடுத்துச் சொல்லும் கடமையும் அவருடையதே.

"அந்தப் பயமான நேரத்தில் வேறு வழியில்லை" என்பதும் நிற்காது. கடற்படையின் தலைமை வக்கீல் ஆல்பெர்டோ மோரா அதே பயத்தில்தான் இருந்தார். குவாண்டனாமோவில் நடப்பது தெரிந்ததும் விடாமல் எதிர்த்தார். 2003 ஜனவரியில் ரம்ஸ்ஃபெல்ட் தன் அனுமதியை வாபஸ் வாங்க வேண்டி வந்தது. ஒரு வக்கீல் "கூடாது" என்று சொன்னால் நிற்கிறது என்றால், "செய்யலாம்" என்று சொன்னால் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு எப்படி அது வெறும் கருத்து ஆகும்?

என் முடிவு

ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்று 1896 கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கண்ணில் படாத மோசடிக்கு ஆடிட்டர் பொறுப்பல்ல. ஆனால் நம் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டம், 1949 இன்னொன்றும் சொல்கிறது: தனக்குத் தெரிந்த முக்கியமான உண்மையைச் சொல்லாமல் மறைத்தால் அது தொழில் ஒழுங்கு மீறல். உறுப்பினர் பதவியே போகலாம். ஒரு கம்பெனியின் பங்குதாரர் பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு. அறையில் கட்டிக் கிடக்கும் மனிதனின் உயிருக்கு அதில் பாதியாவது வேண்டாமா?

எனவே தப்பான கருத்துக்குத் தண்டனை வேண்டாம். துணிச்சலான கருத்துக்கும் வேண்டாம். தெரிந்த சட்டத்தை மறைத்து, கேட்டவருக்குப் பிடித்த பதிலை எழுதிக் கொடுத்திருந்தால் குறைந்தபட்சம் வக்கீல் சன்னது பறிபோக வேண்டும். அந்தக் காகிதத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தே எழுதியிருந்தால் குற்ற வழக்கும் வேண்டும். இதை முடிவு செய்வது அடுத்த ஆட்சியின் அமைச்சராகவோ, அதே துறையின் அதிகாரியாகவோ இருக்கக் கூடாது, கோர்ட்டாக இருக்க வேண்டும். மார்கோலிஸ் ஒருவர் பேனாவில் எல்லாம் முடிந்து போனதுதான் அமெரிக்கக் கதையில் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2006ல் குவாண்டனாமோவுக்குக் கொண்டு போன அபு சுபைதா மீது குற்றச்சாட்டே பதிவாகாமல் வருடங்கள் ஓடி விட்டன. பைபீ நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தார். எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும் வரை, அடுத்த முறையும் யாராவது ஒரு வக்கீல் ஐம்பது பக்கம் எழுதித்தான் கொடுப்பார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், பேசலாம்.