மானிப்பாய் வைத்தியசாலையும் தமிழ் வைத்தியர்களும்

ஓமந்தையிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கே சென்று, யாழ்ப்பாணப் பட்டினத்தையும் கடந்து மானிப்பாயை அடைவோர் அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் காண்பர். அது அரசாங்கம் கட்டியதன்று; அமெரிக்க மிஷன் நிறுவியது. இந்து இளைஞர் மலரில் கிறிஸ்தவர் வைத்தியசாலைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அங்கே நடந்த ஒரு காரியம் வன்னி மக்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது என்பதே நம் விடை.

யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியம் 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் டாக்டர் ஸ்கடர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். அப்போது அவருக்கு வயது 25. முதலில் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848இல் மானிப்பாயில் அமர்ந்தார். நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அதே 1848இல்தான்.

கிறீன் நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல் மாணாக்கரையும் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார். ஆரம்பத்தில் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்ற வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளத்தை நாடி அவர்கள் வெளியூர் போயினர், கிராமத்தான் பழையபடி வைத்தியரின்றி நின்றான். இதைக் கண்ட கிறீன் 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் எண்ணம். மாணாக்கர் வேட்டி சால்வையை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. (நம்முள் சிலருக்கு இது வியப்பாக இருக்கும்!) இரு காலப் பகுதியிலும் அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல்.

படிப்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே? அதையும் அவரே ஆக்கினார். டன்போர்த், சப்மன் முதலிய மாணாக்கர் உடனிருந்து உழைத்தனர். அறுவைச் சிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' 1867இலும், உடலமைப்பைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது, அகப்படாவிடின் வடசொல்லை எடுப்பது, அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் முறை. தமிழில் விஞ்ஞானம் எழுத முடியாது என்று இன்றும் சொல்வோர் இந்நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

அவர் மதம் பரப்பவே வந்தவர், அதை மறைப்பதற்கில்லை. யாழ்ப்பாணத்து மக்களில் பெரும்பாலார் சைவராகவே இருந்தனர். ஆயினும் மானிப்பாய் மருந்தை அவர்கள் ஒதுக்கவில்லை. பின்னர் பெண்களுக்கென இணுவிலில் ஒரு மிஷன் வைத்தியசாலை 1898இல் எழுந்தது.

1873இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். சில ஆண்டுகளில் தமிழ் வைத்திய வகுப்பும் நின்றுபோயிற்று. கொழும்பில் 1870இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் படிப்பித்தது. உத்தியோகமும் அந்த வழியே கிடைத்தது. வைத்தியசாலை மட்டும் நிலைத்தது. பின்னாளில் போரால் நலிந்து, மீண்டும் தலையெடுத்து வருகிறது.

வைத்தியர் தூரத்தில் இருப்பதன் பொருளை ஓமந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2006 ஆவணியில் கண்டி வீதி மூடப்பட்ட பின், வடக்கேயிருந்து வந்த நோயாளர் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு இங்குள்ள சோதனைச்சாவடியைக் கடந்து வவுனியா போன நாட்களை நம் பெரியோர் கண்ணாற் கண்டவர்கள். ஊரிலே தங்கும் வைத்தியரை உண்டாக்க முனைந்த ஒருவரை நாம் இங்கு நினைப்பது அதனாலேயே.

கிறீன் அமெரிக்காவிலிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். 'மனுஷசுகரணம்' 1883இல் அச்சாயிற்று. மறு ஆண்டு அவர் காலமானார்.