பெரிய பானைக்கு அடி எப்படி வந்தது?

ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பொங்கல் பானையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அந்தப் பானையின் அடி ஏன் உருண்டையாக இருக்கிறது? இதற்குள் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

சக்கரத்தில் பெரிய பானை வனையும்போது அடிப்பாகம் கனமாகத்தான் இருக்கும். மேலே உள்ள ஈரமண்ணைத் தாங்க அது வேண்டும். ஆனால் அப்படியே சுட்டால் வெடிக்கும், தூக்கவும் முடியாது. மேலைநாட்டுக் குயவர்கள் பானை பாதி காய்ந்ததும் கவிழ்த்து வைத்து, இரும்புக் கருவியால் கூடுதல் மண்ணைச் சீவி எடுப்பார்கள்.

நம் ஊர் வழி வேறு. வாயும் கழுத்தும் மட்டும்தான் சக்கரத்தில் முழுமையாக முடியும். பானையை அறுத்து எடுக்கும்போது அடி திறந்தே இருக்கும். சற்றுக் காய்ந்த பிறகு உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்ட கனமான மண் மெலிந்து கீழ்நோக்கி விரிந்து, திறந்த அடி மூடிக்கொள்ளும். சீவி எறிய வேண்டிய மண்ணே பானையின் வயிறாகி விடுகிறது! மூன்று கல் அடுப்பில் உருண்டை அடி நன்றாக உட்காரும், தீயும் சுற்றிப் பரவும்.

பெரிய கலம் செய்வதில் தமிழர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது ஏராளமான முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. ஒரு மனித உடலையே வைக்கும் அளவுக்குப் பெரிய தாழிகளும் அவற்றில் இருந்தன. சிவகளையில் ஒரு தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்தது.

புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யும் குயவனைப் பார்த்து இரங்குகிறார். அந்த மன்னனின் புகழை மூட வேண்டுமானால் பூமியையே சக்கரமாகவும் மேருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டும், உன்னால் முடியுமா என்று கேட்கிறார். அரசனின் பெருமைக்கு அளவுகோலாகக் குயவனின் சக்கரத்தை எடுத்தார் புலவர்!

இன்று அலுமினியமும் எவர்சில்வரும் வந்த பிறகு பெரிய பானைக்குக் கேட்பாரில்லை. சென்னைக் கொசப்பேட்டையின் பெயரிலேயே குயவர் இருக்கிறார். ஆனால் அங்கே இப்போது விநாயகர் சிலையும் கொலு பொம்மையும்தான் முக்கியத் தொழில். ஏரி மண் எடுக்கவும் அனுமதி தேவை. தாசில்தார் அளவிலேயே அதைப் பெறலாம் என்று அரசு 2024ல் எளிதாக்கியது.

மண் கிடைத்துவிடும். ஆனால் எங்கே மெலிந்தது, எங்கே கனம் என்று தட்டும் சத்தத்தை வைத்தே சொல்லும் காது, பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் வரும். அப்படி உட்கார இன்று எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்?